கேட்காமல் நடக்க ஒரு பாதை

‘இவங்க இங்கிலாந்தில் 36 வருஷம் இருந்துட்டு வந்தவங்க’ என்று யாராவது அறிமுகப்படுத்திவிட்டால் போதும். கல்யாண வீடானாலும் கருமாதி வீடானாலும் கேள்விகள் வரிசையாக வந்துவிடும். பனி எப்படி இருக்கும்? மகாராணியைப் பார்த்திருக்கிறீர்களா? எதற்காகத் திரும்பி வந்தீர்கள்? அங்கே இருந்தவரை உலு யாமுக்கு ஏங்கினேன். இங்கே வந்தபின் அந்த ஊருக்கு ஏங்குகிறேன். கடல் தாண்டிப் பிழைத்தவர்கள் எல்லோருக்கும் உள்ள வியாதிதான் இது. மருந்து கிடையாது.

ஆனால் பனிக்கு நான் ஏங்கவில்லை. விடியற்காலை ஐந்தரை மணிக்கு பஸ் நிறுத்தத்தில் விறைத்து நின்ற கால்களுக்குப் பனியின் அழகைப் பற்றிச் சொல்ல அதிகம் இருக்காது. அரண்மனைக்கும் ஏங்கவில்லை. நான் ஏங்குவது ஒரு மரக்கம்பத்துக்கு. வயல் ஓரங்களில், ஆட்டுக்கிடை வாசல்களில், கல்லறைத் தோட்டத்து மதில்களின் அருகில் நிற்கும் சாதாரணக் கம்பம். அதில் ஒரு பலகை. ‘பொதுநடைபாதை’ என்று இரண்டே ஆங்கிலச் சொற்கள். அந்தச் சொற்களின் விலை ஒரு தோட்டத்துப் பிள்ளைக்குத்தான் முழுசாகத் தெரியும்.

உலு யாமிலிருந்து நான்கு கட்டை தள்ளி இருந்த ஒரு ரப்பர் தோட்டத்து லயத்தில் 1954ல் பிறந்தவள் நான். அப்பா பால் வெட்டு. அம்மாவும் பால் வெட்டு. காண்டா வாளி சுமந்து அம்மாவின் தோளில் காய்ப்பு ஏறியிருக்கும். அத்தை துரை பங்களாவில் ஆயாவாக இருந்தார். பங்களா குன்றின்மேல், லயம் பள்ளத்தில். இரண்டுக்கும் நடுவே சிவப்புச் செம்மண் சாலை. அந்தச் சாலையில் பாதிக்கு மேல் நாங்கள் ஏறக்கூடாது என்று எழுதி வைத்த அறிவிப்பு எதுவும் கிடையாது. ‘துரை பங்களா பக்கம் போவாதே’ என்று அம்மா சொன்னதே சட்டம். அத்தையிடம் பங்களாவிலிருந்து கழித்துவிட்ட மேசைக் கத்தி ஒன்று இருந்தது. அதன் அலகில் பொறித்திருந்த ஆங்கில எழுத்துகளைக் கூட்டிப் படித்துத்தான் ‘ஷெஃபீல்டு’ என்ற சொல்லை முதலில் அறிந்தேன். ஊரின் பெயர் அது என்று அப்போது தெரியாது.

எங்கள் தலைமுறைக்கு இங்கிலாந்து இப்படித் துண்டு துண்டாகத்தான் வந்தது. தோட்டங்களின் பெயர்களையே பாருங்கள். கின்ராரா, எடின்பரோ, மிட்லண்ட்ஸ், ஹைலண்ட்ஸ், டோவன்பி. நம் வட்டாரத்தில் நைகல் கார்ட்னர், மேரி. டோவன்பி என்பது இங்கிலாந்தின் வடமேற்கு மூலையில் உள்ள சின்னக் கிராமம். கின்ராரா ஸ்காட்லாந்தில் ஒரு மலைச்சாரல். ஊரை விட்டு வந்த வெள்ளைக்காரர்களும் ஏக்கத்தில்தான் பெயர் வைத்திருக்கிறார்கள். அவர்களுடைய ஏக்கத்தை நாம் முகவரியாக எழுதிக்கொண்டோம்.

1969ல் குடியுரிமை இல்லாதவர்கள் வேலை செய்ய உரிமம் எடுக்க வேண்டும் என்ற நிலை வந்தபோது, சிவப்பு அடையாள அட்டைக்காரர்கள் பல்லாயிரம் பேர் தோட்டங்களை விட்டு இந்தியாவுக்குக் கப்பல் ஏறினார்கள். என் சித்தப்பா அவர்களில் ஒருவர். தோட்டத்தில் இனி எதுவும் நிலையில்லை என்பது அன்றைக்கே வீட்டில் பேச்சானது. அந்தக் காலத்தில் இங்கிலாந்து மருத்துவமனைகளில் தாதிகளுக்குப் பற்றாக்குறை. பயிற்சிக் காலத்திலேயே சம்பளம் கொடுத்து மலேசியப் பெண்களை எடுத்துக்கொண்டிருந்தார்கள். ஐந்தாம் படிவம் முடித்த கையோடு விண்ணப்பம் போட்டேன். 1973ல் நான் போய் இறங்கிய ஊர், அத்தையின் கத்தியில் இருந்த அதே ஷெஃபீல்டு.

அது எஃகு நகரம். ஆனால் நகரத்தின் மேற்கு எல்லையைத் தாண்டினால் மலைப்பிரதேசம் தொடங்கிவிடும். ரயிலில் முக்கால் மணி நேரத்துக்குள் ஈடேல் என்ற சிற்றூர் வந்துவிடும். ஆகஸ்ட் மாதத்தில் அந்தக் குன்றுகள் முழுக்க ஊதா நிறத்தில் பூத்துக் கிடக்கும். சுண்ணாம்போ சிமெண்டோ இல்லாமல் கல்லின்மேல் கல்லாக அடுக்கிய மதில்கள் மேடு பள்ளம் பார்க்காமல் ஓடும். காற்று, ஆடு, தூரத்தில் ஒரு மாதா கோயில் கோபுரம். இதெல்லாம் பிறகு பிடித்தவை. முதல் நாள் என் கண்ணில் பட்டது வேறு.

என்னோடு வார்டில் வேலை செய்த யார்க்‌ஷயர்காரி ஒருத்தி ஒரு ஞாயிற்றுக்கிழமை அழைத்துப் போனாள். ரயிலடியிலிருந்து கொஞ்ச தூரத்தில் ஒரு விவசாயியின் வேலி. வேலியில் ஒரு சின்னக் கதவு. உள்ளே அவருடைய மாடுகள், அவருடைய புல்வெளி, அப்பால் அவருடைய வீடு. அவள் கதவைத் திறந்துகொண்டு போய்க்கொண்டே இருந்தாள். நான் நின்றுவிட்டேன். ‘யாரிடம் கேட்பது?’ என்றேன். அவளுக்குக் கேள்வியே புரியவில்லை. கம்பத்தைக் காட்டி, ‘இது பாதை, லவ்’ என்றாள். அந்த ஊரில் ‘லவ்’ என்பது நம் ‘கண்ணு’ மாதிரி. பஸ் கண்டக்டர்கூட அப்படித்தான் கூப்பிடுவார். எதிரே அந்த விவசாயியே வந்தார். எங்களை நிறுத்தவில்லை. மழை வரும்போலத் தெரிகிறது என்று சொல்லிவிட்டுப் போனார்.

நிலம் அவருடையது. அதன் ஊடாக நடக்கும் உரிமை எல்லோருடையது. அவர் கதவை வைக்கலாம், பூட்ட முடியாது. இது எனக்குப் பெரிய அதிசயமாக இருந்தது. 19 வயதுவரை நான் அறிந்த உலகத்தில் நிலத்துக்குச் சொந்தக்காரர் என்றால் அதன்மேல் விழும் காலடிகளுக்கும் அவர்தான் சொந்தக்காரர்.

இந்த உரிமையை அங்கேயும் யாரும் தட்டில் வைத்துக் கொடுத்துவிடவில்லை. ஈடேலுக்கு மேலே நிற்கும் கிண்டர் ஸ்கவுட் மலை, ஒரு காலத்தில் பிரபுக்கள் பறவை வேட்டையாட ஒதுக்கி வைத்த நிலம். வருஷத்தில் சில நாள் வேட்டைக்காக மற்ற நாளெல்லாம் காவல். 1932 ஏப்ரல் 24ஆம் தேதி மான்செஸ்டர் பக்கத்துத் தொழிலாளர்கள் சில நூறு பேர், வேண்டுமென்றே சேர்ந்து அந்த மலைமீது ஏறினார்கள். முன்னால் நின்றவர் பென்னி ரோத்மன் என்ற 20 வயது இளைஞர். ருமேனியாவிலிருந்து குடியேறிய யூதக் குடும்பத்துப் பிள்ளை. காவல்காரர்களோடு கைகலப்பு நடந்தது. ஐந்து பேருக்குச் சிறை கிடைத்தது. அந்த மலைக்கு அன்று உரிமையாளராக இருந்த டெவன்ஷயர் பிரபுவின் வாரிசு, 70 வருடம் கழித்து 2002ல், அதே இடத்துக்கு வந்து அதற்காக மன்னிப்புக் கேட்டார்.

அதே 1932ல் வந்த ஒரு சட்டம், பொதுமக்கள் 20 வருடம் தடையில்லாமல், உரிமையோடு நடந்த வழியைப் பொதுவழியாகக் கருத வழி செய்தது. 1949ல் இன்னொரு சட்டம் வந்தது. ஒவ்வொரு மாவட்டமும் தன் எல்லைக்குள் உள்ள நடைபாதைகளை எல்லாம் வரைபடத்தில் குறித்துவைக்க வேண்டும் என்றது. 1951ல் அந்த மலைப்பிரதேசமே நாட்டின் முதல் தேசியப் பூங்காவானது. வேலை முடிந்த நாள்களில் அந்த வரைபடத்தில் ஒன்றை வாங்கி, ஒரு பிளாஸ்க் தேநீரும் இரண்டு ரொட்டியும் எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவேன். மழைக்கோட்டு இல்லாமல் போக முடியாது. துணியில் ரப்பரைப் பூசி அந்தக் கோட்டைக் கண்டுபிடித்தவர் கிளாஸ்கோவின் மெக்கின்டாஷ். மழையில் நடக்கும்போதெல்லாம் அம்மாவின் நிரையில் உள்ள பால்மரங்கள் நினைவுக்கு வரும்.

மலைப்பாதையின் கதையைப் படிக்கப் படிக்க, ஊரில் அதே வருடங்களில் என்ன நடந்தது என்றும் தேட ஆரம்பித்தேன். 1941ல் கிள்ளான் வட்டாரத்துத் தோட்டத் தொழிலாளர்கள் ஆர்.எச். நாதன் தலைமையில் வேலை நிறுத்தம் செய்தார்கள். சம்பளம், மருத்துவம், பிள்ளைகளின் படிப்பு, கள்ளுக்கடையை மூடுவது எனப் பல கோரிக்கைகள். அவற்றில் இரண்டு என்னை உறைய வைத்தன. ஒன்று, துரையும் கிராணியும் எதிரே வந்தால் சைக்கிளைவிட்டு இறங்கி நிற்கவேண்டும் என்ற வழக்கத்தை நிறுத்த வேண்டும். மற்றொன்று, சொந்தக்காரர்களும் நண்பர்களும் தோட்டத்துக்குள் தடையில்லாமல் வந்துபோக விடவேண்டும். மான்செஸ்டர் தொழிலாளி மலையில் நடக்கக் கேட்டான். நம் தாத்தாமார்கள் செம்மண் சாலையில் சைக்கிள் ஓட்டக் கேட்டார்கள். இரண்டும் ஒரே கேள்விதான். ஆனால் இங்கே பதில் வேறு. நாதன் நாடு கடத்தப்பட்டார். இராணுவம் வந்தது. துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர்கள் இறந்தார்கள்.

1948ல் அவசரகாலம் வந்தது. லண்டனில் நாடாளுமன்றம் நடைபாதைச் சட்டத்தை விவாதித்துக்கொண்டிருந்த அந்தக் காலத்தில்தான் மலாயாவில் முள்கம்பி ஏறிக்கொண்டிருந்தது. 1950ல் தொடங்கிய பிரிக்ஸ் திட்டத்தின்கீழ் சுமார் 5 லட்சம் பேர், பெரும்பாலும் சீனர்கள், வேலியிட்ட புதுக்கிராமங்களுக்கு மாற்றப்பட்டார்கள். தோட்டத்து லயங்களையும் ஓரிடத்தில் திரட்டி வேலி கட்டினார்கள். மரம் வெட்டப் போகிறவர்களை வாசலில் சோதிப்பார்கள். கையில் ஒரு பிடி சோறுகூட எடுத்துப் போகக் கூடாது, காட்டுக்காரர்களுக்குப் போய்விடும் என்று. பசியோடு மதியம்வரை வெட்டிய கதையை அம்மா சொல்லிச் சொல்லிக் கேட்டிருக்கிறேன். கோபமாகச் சொல்லமாட்டார். மழை பெய்ததைச் சொல்வதுபோலச் சொல்வார்.

உலு யாம்காரர்கள் பத்தாங் காலியை மறக்க முடியாது. 1948 டிசம்பர் 12ஆம் தேதி, அங்கே ஒரு ரப்பர் தோட்டத்தில் ஆயுதம் ஏதுமில்லாத 24 சீனர்களை பிரிட்டிஷ் இராணுவத்தின் ஸ்காட்ஸ் கார்ட்ஸ் படைப்பிரிவினர் சுட்டுக் கொன்றார்கள். தப்பி ஓடியவர்களைச் சுட்டோம் என்பது அன்றைய கணக்கு. 1970ல் அந்தப் படையில் இருந்த சிலரே ஒரு பிரிட்டிஷ் பத்திரிகையிடம் நடந்ததைச் சொன்னார்கள். தொடங்கிய விசாரணை, ஆட்சி மாறியதும் நின்றுபோனது. குடும்பத்தினர் விடவில்லை. லண்டன் நீதிமன்றங்களில் வழக்கு நடந்து, 2015ல் உச்ச நீதிமன்றம்வரை போனது. பகிரங்க விசாரணைக்கு உத்தரவிட முடியாது என்றே தீர்ப்பு வந்தது.

இவ்வளவும் தெரிந்தபின் அந்த மலைகளை எப்படி நேசிக்க முடிந்தது என்று என் மகள் ஒருமுறை கேட்டாள். ஷெஃபீல்டில் பிறந்து வளர்ந்தவள் அவள். எனக்கு இரண்டு இங்கிலாந்து தெரியும் என்றேன். ஒன்று கப்பலேறி வந்து குன்றின்மேல் பங்களா கட்டியது. மற்றொன்று தன் ஊர்ப் பங்களாக்காரனோடு சண்டை போட்டுப் பாதையைத் திறந்தது. முதலாவதை இங்கே பார்த்தோம். இரண்டாவதைப் பார்க்க நான் அங்கே போகவேண்டியிருந்தது. இரண்டையும் ஒரே தட்டில் போட்டு நிறுத்தால் தராசுதான் உடையும். நான் ஏங்குவது இரண்டாவதுக்கு.

அங்கே பார்த்த இன்னொன்றையும் சொல்லவேண்டும். ஷெஃபீல்டுக்கு மேற்கே லேடிபோவர் என்ற நீர்த்தேக்கம் இருக்கிறது. 1940களில் அதற்காக டெர்வெண்ட், ஆஷப்டன் என்ற இரண்டு கிராமங்களைத் தண்ணீருக்குள் விட்டார்கள். 1976ல் பெரிய வறட்சி. நீர் வற்றி டெர்வெண்ட் ஊரின் இடிந்த சுவர்கள் வெளியே தெரிய, நானும் போய்ப் பார்த்தேன். அங்கே நின்ற ஒரு முதியவர் சொன்ன செய்தி மனதில் தங்கிவிட்டது. ஊரை மூழ்கடிக்கும் முன், மாதா கோயில் கல்லறையில் இருந்தவர்களை எடுத்து, பக்கத்து ஊரான பேம்ஃபோர்டில் முறையாக அடக்கம் செய்தார்களாம். உயிரோடு இருப்பவர்களுக்கு மட்டுமல்ல, போனவர்களுக்கும் ஒரு முகவரி வேண்டும் என்று யாரோ நினைத்திருக்கிறார்கள்.

2009ல் ஓய்வு பெற்று உலு யாம் பாருவில் வீடு வாங்கி வந்துவிட்டேன். இங்கிலாந்து நினைப்பு அதிகமானால் கோலகுபு பாருவுக்குப் போய் ஒரு சுற்று நடப்பேன். வெள்ளத்தாலும் ஈயச் சுரங்கச் சேற்றாலும் பாழான பழைய ஊருக்குப் பதிலாக எழுந்த பட்டணம் அது. ‘தோட்ட நகரம்’ என்ற இங்கிலாந்துக் கருத்தை வைத்துத் திட்டமிட்டவர் சார்ல்ஸ் ரீட். கடைகளுக்கும் வீடுகளுக்கும் நடுவே விட்ட பசும்புல்வெளி இன்றும் இருக்கிறது. அங்கே நடக்க யாரையும் கேட்கவேண்டியதில்லை.

கேட்கவேண்டியிருப்பது அம்மாவைப் பார்க்கத்தான். அம்மா 1988ல் இறந்தார். தோட்டத்துக் கோயிலைத் தாண்டி, ஆற்றோரத்து மேட்டில் அடக்கம். அதன்பின் தோட்டம் கைமாறியது. பால்மரங்களைத் தள்ளி செம்பனை நட்டார்கள். லயங்கள் போயின. கோயிலை வெளியே மாற்றினார்கள். செம்மண் சாலையின் முகப்பில் இப்போது இரும்புக் கதவு, சங்கிலி, பூட்டு, ஒரு காவல் கொட்டகை. மேட்டில் இருக்கும் அறுபது எழுபது கல்லறைகளைப் பற்றி எந்தப் பலகையும் இல்லை. தீபாவளிக்கு முன் கல்லறையைச் சுத்தம் செய்து படையல் வைக்கப் போனால், கடிதம் இருக்கிறதா என்று கேட்பார்கள். கடிதம் எழுதினேன். ஒரு வருடம் பதில் வந்தது. அடுத்த வருடம் வரவில்லை. காவல் நிற்கும் நேப்பாளத்துத் தம்பி நல்ல பிள்ளை. ‘புவான், சீக்கிரம் வந்துவிடுங்கள்’ என்று சொல்லித் திறந்துவிடுவான். அவனுக்கும் எங்கோ ஒரு மலையில் அம்மா இருப்பார். அவன் திறப்பது தயவு. அவன் மாறிப்போனால் தயவும் போய்விடும்.

தயவுக்கும் உரிமைக்கும் உள்ள தூரம் ஒரு கதவின் கனம்தான். ஆனால் அதற்குள் ஒரு மனிதனின் முதுகெலும்பு அடங்கியிருக்கிறது. இரண்டு நாட்டில் வேலை செய்து வரி கட்டிய ஒரு தாதி, பெற்ற தாயின் கல்லறைக்குப் போக ஒரு பூட்டின் முன் குரலைத் தாழ்த்திப் பேசவேண்டியிருக்கிறது என்றால், சைக்கிளைவிட்டு இறங்கி நின்ற காலம் இன்னும் முழுசாக முடியவில்லை.

எவ்வளவு காலம் நடந்தோம் என்பதை வைத்து இங்கிலாந்தில் போல இங்கே வழி தானாகக் கிடைத்துவிடாது. ஆனால் கேட்பதற்கு இடம் இருக்கிறது. நமது 1965ஆம் ஆண்டு தேசிய நிலச் சட்டத்தில், தனியார் நிலத்தின் ஊடாக வழியுரிமை ஏற்படுத்த நில நிர்வாகிக்கு அதிகாரம் கொடுக்கும் பகுதி ஒன்று உண்டு. அந்த அதிகாரத்தைப் பயன்படுத்தும்படி யாராவது மனுப் போடவேண்டும். மனுவுக்குச் சான்று வேண்டும். எங்கே பாதை, எங்கே கல்லறை, யார் எப்போது நடந்தார்கள் என்று சொல்ல ஆள் வேண்டும். அந்த ஆட்களுக்கு இப்போது எண்பது வயது.

ஆகவே போன வருடம் முதல் நாங்கள் சிலர் ஒரு வேலையில் இறங்கியிருக்கிறோம். பழைய தோட்டத்துக்காரர்கள் பத்தாங் காலியிலும் ரவாங்கிலும் செரெண்டாவிலும் அடுக்குமாடி வீடுகளில் சிதறிக் கிடக்கிறார்கள். அவர்களிடம் ஒரு காகிதத்தைக் கொடுத்து, தோட்டத்தை வரைந்து காட்டச் சொல்கிறோம். பிரட்டுக்களம் எங்கே, ஆயக்கொட்டகை எங்கே, பால் ஸ்டோர் எங்கே, சுடுகாட்டு வழி எது. படிக்காத கைகளும் அந்தக் கோட்டைத் தயங்காமல் இழுக்கின்றன. என் மகள் அதைக் கைப்பேசியில் வரைபடமாக மாற்றுகிறாள். இறந்தவர்களின் பெயரையும் வருடத்தையும் தனி நோட்டில் எழுதுகிறோம். இதுவரை 41 பெயர் சேர்ந்திருக்கிறது. நோட்டும் வரைபடமும் நிறைந்தபின் மாவட்ட நில அலுவலகத்தில் மனுக் கொடுப்போம்.

உங்கள் வீட்டிலும் தோட்டத்தில் பிறந்த ஒரு பாட்டியோ தாத்தாவோ இருப்பார். வருகிற ஞாயிற்றுக்கிழமை பசியாறிய பிறகு அவர் பக்கத்தில் ஒரு காகிதமும் பென்சிலும் வையுங்கள். வீட்டிலிருந்து சுடுகாட்டுக்கு எப்படிப் போவீர்கள் என்று மட்டும் கேளுங்கள். அவர் போடும் கோட்டின் மேல் தேதி எழுதி, கையெழுத்தோ கைநாட்டோ வாங்கி, பத்திரமாக எடுத்து வையுங்கள்.